கொடுத்த தண்ணீர்

டாக்டர் மலையேறி வந்து நாட்டுக் கூட்டத்தில் தப்பை ஒப்புக்கொள்ளப் போகிறார் என்ற செய்தியை மண்டிக்காரர் முனிசாமிதான் கொண்டுவந்தார். பாஞ்சாலை வாசலில் சாமை புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தை நிறுத்தவில்லை.

"இன்னா பாஞ்சாலை, காதுல வுழுந்துச்சா? கெவர்மென்ட் டாக்டரு. அவரே மலை ஏறி வர்றேன்னு சொல்றாரு."

"ஏறட்டும். எங்க ஆளு எறங்கும்போது ரெண்டு கண்ணோட எறங்குனாரு. அந்தாளு ஏறும்போதும் ரெண்டு கண்ணோடதானே ஏறுவாரு."

முனிசாமி சிரிக்கப் பார்த்தார், சிரிப்பு வரவில்லை. அவர் அடிவாரத்துப் படவேட்டுக்காரர். வருஷா வருஷம் இந்த மலையின் புளியை மரத்தில் இருக்கும்போதே விலை பேசி எடுப்பவர். மலைக்காரர்களின் பேச்சும் வழக்கமும் அவருக்குத் தெரியும். தெரிந்ததை எங்கே விற்கலாம் என்பதும் தெரியும்.

வீட்டுக்குள் அவள் கணவன் லட்சுமணன் புளியிலிருந்து கொட்டை எடுத்துக்கொண்டிருந்தான். பார்வை போன பிறகு அவன் கைக்கு மிஞ்சிய வேலைகளில் அது ஒன்று. "வந்து இன்னா சொல்வாரு?" என்று உள்ளிருந்தே கேட்டான்.

"நீ இன்னா கேக்கணும்னு ஆசப்படுறியோ அத்த சொல்வாரு லட்சுமணா. அப்புறம் கேஸு கீஸுன்னு ஏன் அலையணும்? நாட்டார் கோபால்சாமிகிட்ட பேசிட்டேன். அவருக்கும் சரிதான்."

உள்ளே கொட்டை விழும் சத்தம் நின்றது.

எண்பத்திரண்டாம் வருஷம் லட்சுமணன் சந்தனக்கட்டை சுமந்தான். வெட்டியது வேறு ஆள், விற்றது வேறு ஆள். காட்டிலிருந்து ரோட்டுக்குச் சுமந்தது மட்டும் அவன். பிடித்துக்கொண்டுபோய் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்தினார்கள். குற்றம் செய்தாயா என்று கேட்டார்கள். "செஞ்சேன் சாமி" என்று சொல்லிவிட்டு அங்கேயே தரையில் விழுந்தான். அவன் அறிந்தவரையில் அவ்வளவுதான் செய்ய வேண்டும். நெல்லிவாசல் பக்கத்து மலை ஊர்கள் சேர்ந்த நாட்டில் வழக்கம் அப்படித்தான். தப்பு செய்தவன் நாட்டுக் கூட்டத்தின் நடுவே நின்று, செய்ததை முழுசாகத் தன் வாயால் சொல்லி, விழுந்து எழ வேண்டும். கூட்டம் ஏற்றுக்கொண்டால், பாதிக்கப்பட்ட வீட்டுப் பெண் தன் கையால் அவனுக்குத் தண்ணீர் கொடுப்பாள். அவன் குடித்துவிட்டால் தீர்ந்தது. அதற்குப் பிறகு அந்தத் தப்பை யாரும் எந்த இடத்திலும் வாய்விட்டுச் சொல்லக் கூடாது. சண்டையில்கூடக் குத்திக்காட்டக் கூடாது.

லட்சுமணன் கோர்ட்டுத் தரையிலிருந்து எழுந்து, யாராவது தண்ணீர் கொண்டுவருகிறார்களா என்று பார்த்தான். ஒரு வருஷம் கடுங்காவல் என்றார்கள்.

ஜெயிலில் அவனுக்குச் சமையல் கட்டில் விறகு பிளக்கும் வேலை. கோடாலி போட்டபோது ஒரு சிராய் தெறித்து வலது கண்ணுக்குள் போனது. ஜெயில் டாக்டர் சுப்பிரமணி வாரத்துக்கு ஒரு முறை வருவார். வந்தவர் கண்ணைத் திறந்துகூடப் பார்க்காமல் சொட்டு மருந்து கொடுத்தார். அடுத்த முறை வந்தபோதும் அதே மருந்துதான். கண் அழுகி நாற்றம் எடுத்தது. லட்சுமணன் வலி தாங்காமல் தலையைச் சுவரில் மோதிக்கொண்டான். அதே கொட்டடியில் இருந்த கோவிந்தன் என்பவன் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "டேய், மனுசன் சாவுறான்டா, ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கடா" என்று கத்தினான். கத்தியதற்கு அடி வாங்கினான். பிறகு இடது கண்ணும் மங்கியது. அதற்கும் அதே சொட்டு மருந்து.

திருப்பத்தூர் வக்கீல் தங்கவேல் கோவிந்தனின் கேஸுக்காக ஜெயிலுக்கு வந்தார். "என் கேஸ் கெடக்கட்டும் சார், இவன மொதல்ல பாருங்க" என்று கோவிந்தன் லட்சுமணனின் கையைப் பிடித்து இழுத்து முன்னால் விட்டான். தங்கவேல் ஐகோர்ட்டில் ரிட் மனு போட்டார். கோர்ட்டு சொல்லி, லட்சுமணனைப் பட்டணத்துக் கண்ணாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே இருந்த வயசான டாக்டரம்மா இரண்டு கண்களையும் பார்த்தாள். பிறகு கூட வந்த போலீஸ்காரரிடம் கோபமாகச் சொன்னாள்: அடிபட்ட கண் கெட்டுப்போனால் அது நல்ல கண்ணையும் இழுத்துக்கொண்டு போகும், அடிபட்டவுடனே அனுப்பியிருந்தால் வைத்தியம் செய்திருக்கலாம், இல்லை அந்த ஒன்றை எடுத்துவிட்டு மற்றதையாவது காப்பாற்றியிருக்கலாம்.

லட்சுமணன் அதைக் கேட்டுக்கொண்டு நின்றான். ஒரு கண்ணாவது தனக்கு மிஞ்சியிருக்க வேண்டும் என்பது அப்போதுதான் அவனுக்குத் தெரிந்தது.

தண்டனை முடிந்து ஊருக்கு வந்தான். ஜெயில்மேலும் டாக்டர்மேலும் ஐகோர்ட்டில் கேஸ் நடந்தது. ஜெயில் தரப்பில் பதில் போட்டார்கள். கைதி மலைஜாதியைச் சேர்ந்தவன், அவர்கள் வழக்கப்படி கண்ணில் தானாகவே பச்சிலைச் சாறு விட்டுக்கொண்டான், அதனால்தான் பார்வை போனது என்று சொல்லியிருந்தார்கள்.

லட்சுமணனைத் தின்றது அதுதான். பார்வை போனதைக்கூட அவன் அப்படிச் சொல்லிச் சொல்லி மாயவில்லை. மலையில் கண் சிவந்தால் நந்தியாவட்டைச் சாறு விடுவது உண்டு. அதனால் ஊரிலேயே சிலர் நம்பினார்கள். அவனுடைய மச்சான் மாதையன் ஒருநாள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "நெசமா சொல்லு மச்சான், ஒரு சொட்டுகூட வுடல?" என்று கேட்டான்.

"ஜெயிலுக்குள்ள எந்த மரத்துலடா தழை பறிக்கறது?" என்றான் லட்சுமணன். அதற்குப் பிறகு மாதையனோடு அவன் பேசுவதில்லை.

ஆகவே டாக்டர் வருகிறார் என்று முனிசாமி சொன்னபோது, பாஞ்சாலைக்குக் கணவனின் மௌனம் புரிந்தது. அவனுக்குக் கேஸ் வேண்டாம். அந்த ஆள் தன் வாயால், நாட்டார் முன்னால், மாதையன் காதில் விழும்படி, தழை விடவில்லை என்று சொன்னால் போதும்.

வக்கீலைக் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. நாடு வேறு கோர்ட்டு வேறு என்று அவர்கள் நினைக்கவில்லை. கூட்டத்தில் ஒப்புக்கொண்டவன் எங்கேயும் ஒப்புக்கொண்டவன்தான் என்று நினைத்தார்கள்.

மார்கழியில் கோயில் முன்னால் பலா மரத்தடியில் கூட்டம். அக்கம்பக்கத்து ஊர்களிலிருந்தும் வந்திருந்தார்கள். நாட்டின் தலைவரான நாட்டார் கோபால்சாமி நடுவில் உட்கார்ந்திருந்தார். அவர் பாஞ்சாலையின் பெரியப்பா. அப்பா செத்த பிறகு அவளை வளர்த்துக் கட்டிக்கொடுத்தவர். டாக்டர் சுப்பிரமணி ஜீப் நிற்கும் இடத்திலிருந்து நடந்து வந்திருந்தார். சட்டை நனைந்திருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். நாற்பது வயது இருக்கும். பார்க்க யாருடைய அண்ணன் போலவோ இருந்தார். அது பாஞ்சாலைக்குப் பிடிக்கவில்லை. அவள் வேறு மாதிரி ஒரு முகத்தை இத்தனை நாளும் மனதில் வைத்திருந்தாள்.

"சொல்லுங்க," என்றார் நாட்டார்.

"நான் அனுப்பியிருக்கணும்," என்றார் டாக்டர். "அனுப்பல. வெளி ஆஸ்பத்திரிக்கு அனுப்பணும்னா வண்டி கேக்கணும், காவலுக்குப் போலீஸ் கேக்கணும். கேட்டா மேல கோபிச்சுக்குவாங்க. கைதிக்குத்தானேன்னு விட்டுட்டேன். கண்ணைத் திறந்து பாக்கல. அவர் எந்தத் தழையும் விடல. நாங்கதான் அப்படி எழுதினோம். தப்பு என்னுது."

அவர் விழுந்தார். விழுந்த இடத்திலிருந்து கையை நீட்டி லட்சுமணனின் காலைத் தொட்டார்.

அந்த நேரத்தில் அவர் உண்மையாகத்தான் சொன்னார் என்று பாஞ்சாலை பின்னாலும் நினைத்தாள். நடித்திருந்தால் அவளுக்கு இவ்வளவு ஆத்திரம் வந்திருக்காது.

லட்சுமணன் முகத்தைத் தூக்கிக் கூட்டத்தின் பக்கம் திருப்பினான். "மாதையா, கேட்டியாடா?" என்றான். மாதையன் எங்கோ பின்னாலிருந்து, "கேட்டேன் மச்சான்" என்று முனகினான்.

சுரைக்குடுக்கையில் தண்ணீர் வந்தது. பாஞ்சாலை கையில் வாங்கிக்கொண்டு நின்றாள். கொடுக்க மனம் வரவில்லை. ஏன் என்று கேட்டால் அவளால் சொல்ல முடிந்திருக்காது. நாட்டார், "குடும்மா" என்றார். லட்சுமணன் சிரித்துக்கொண்டிருந்தான். ஜெயிலிலிருந்து வந்த பிறகு அவன் சிரித்து அவள் பார்த்ததில்லை. கொடுத்தாள். டாக்டர் கடகடவென்று குடித்தார்.

மாசி கடைசியில் தங்கவேல் வந்தார். மூச்சு வாங்க நடந்து வந்து, கொடுத்த மோரைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்: "கூட்டம் போட்டீங்களா?"

"போட்டோம்," என்றாள் பாஞ்சாலை.

"டாக்டர் ஒத்துக்கினாரா?"

பாஞ்சாலை பக்கத்தில் இருந்த கணவனைப் பார்த்தாள். வெளியே எங்கோ மாட்டு மணி கேட்டது.

"அத்த நாங்க சொல்லக் கூடாதுங்க," என்றான் லட்சுமணன்.

"நீங்க சொல்லக் கூடாது. அவங்க சொல்லிட்டாங்க." தங்கவேல் மோரைக் கீழே வைத்தார். "டாக்டர் பேருல தப்பே இல்லியாம். தழை உட்டதாலதான் கண்ணு போச்சாம். அப்டியும் அவரு பரிதாபப்பட்டு மலைக்கு வந்து பாத்தாராம். நீங்க உங்க பஞ்சாயத்துல, எங்களுக்கு ஒரு குறையும் இல்ல, கேஸு வேணாம்னு சொல்லிட்டீங்களாம். ஐகோர்ட்டுல இப்ப அவங்க பேச்சு இதான்."

"தழையா?" என்றான் லட்சுமணன். "தழைன்னா மறுபடியும் சொல்றாரு?"

"மறுபடியும்தான் சொல்றாரு."

லட்சுமணன் கையால் தரையைத் துழாவினான். எதைத் தேடினான் என்று தெரியவில்லை. கிடைக்காமல் கையை மடியில் வைத்துக்கொண்டான்.

"திருப்பத்தூர்ல ஜில்லா ஜட்ஜு விசாரிச்சு, நடந்தது இன்னான்னு ஐகோர்ட்டுக்கு எழுதணும்னு உத்தரவு. அவங்க பக்கத்து சாட்சி யாரு தெரியுமா? உங்க நாட்டாரு. குறை இல்லைன்னு அவரு வந்து சொல்லப் போறாரு. நம்ம பக்கம் கோவிந்தன்தான் இருந்தான்."

"கோவிந்தன் வருவானா?"

"செத்துட்டான்யா. தையிலயே செத்துட்டான். ரத்தமா இருமுனானாம். அதே டாக்டரு. அதே ஜெயிலு. கடைசி வரைக்கும் வெளிய அனுப்பல."

யாரும் அழவில்லை. பாஞ்சாலை கணக்குப் பார்த்தாள். அவள் தண்ணீர் கொடுத்தபோது கோவிந்தன் உயிரோடு இருந்திருக்கிறான். அவள் கையால் குடித்துவிட்டு இறங்கிப்போன ஆள், அதே வாரம் அவனைப் பார்த்திருக்க வேண்டும். அவனுக்கும் வண்டி கேட்கவில்லை.

"இவரு ஒருத்தர் கண்ணுக்காக மட்டும் இந்த கேஸ் இல்லம்மா," என்றார் தங்கவேல். "உள்ள இருக்கிறவனும் மனுசன், அவனுக்கு வைத்தியம் பாக்காததும் குத்தம்னு ஒரு தடவையாவது ஒரு கோர்ட்டு எழுதணும். குறை இல்லன்னு நாட்டாரு சொல்லிட்டாருன்னா எழுத மாட்டாங்க. அந்தக் கூட்டத்துல நடந்தத யாராச்சும் சொல்லியே ஆகணும்."

"நாங்க சொன்னா அது வழக்கத்த மீறுனவங்க பேச்சு. பெரியப்பா பொய்யின்னு கூட சொல்ல மாட்டாரு. மூஞ்ச திருப்பிக்குவாரு." பாஞ்சாலை கொஞ்சம் நிறுத்தினாள். "குடுத்தவ குடுத்த தண்ணிய திருப்பி எடுத்துக்கலாம். எடுத்துட்டா தீந்தது தீராததா ஆயிடும். யார் வேணா பேசலாம்."

"அப்புறம் இன்னாம்மா? எடுத்துட வேண்டியதுதானே?"

"எடுத்தவ வூட்டுக்கு நாட்ல யாரும் நெருப்பு தர மாட்டாங்க, தண்ணி தர மாட்டாங்க. ஏர் பூட்ட மாடு தர மாட்டாங்க. செத்தா குழி தோண்ட வர மாட்டாங்க." மகள் மங்கம்மாளை அடுத்த ஊரில் கட்டிக்கொடுத்திருந்தது. வயிற்றில் முதல் பிள்ளை. "எம் பொண்ணு பிரசவத்துக்கு எங்கூட்டுக்கு வர முடியாது. நானும் அவ வூட்டு வாசல மிதிக்க முடியாது."

தங்கவேலின் கோபம் முகத்திலிருந்து இறங்கிப்போனது. "யாராவது அப்டி எடுத்திருக்காங்களா?"

"கதையா கேட்டிருக்கோம். பாத்ததில்ல."

அவர் மோரை எடுத்துக் குடித்தார். போகும்போது, "நான் எடுன்னு சொல்ல மாட்டேன்," என்றார். "தேதி மட்டும் சொல்லி அனுப்பறேன்."

அன்று மாலை வெயில் தாழ்வதற்குள் பாஞ்சாலை கணவனைக் கைபிடித்துக் கொல்லைக்கு அழைத்துப்போனாள். அறுத்த சாமைத் தாள் காலில் குத்தியது. வரப்பில் உட்கார்ந்தார்கள்.

"மாமா, ஒண்ணு சொல்லு. நீ கோர்ட்டுல வுழுந்தியே, அன்னிக்கு அவங்க உனக்கு இன்னா குடுத்தாங்க?"

"ஒரு வருசம்."

"அந்தாளு நம்ம முன்னால வுழுந்தாரு. நாம இன்னா குடுத்தோம்?"

அவன் சாமைத் தாள் ஒன்றைப் பிடுங்கினான்.

"தப்புன்னு சொன்னவன அவங்க உள்ள போடுவாங்க. தப்புன்னு சொன்னவனுக்கு நாம தண்ணி குடுக்கணும். எந்த ஊரு நாயம் இது?"

"நம்ம ஊரு நாயம்தான்," என்றான் லட்சுமணன். "அத்தத் தெரிஞ்சிக்கினுதானே முனிசாமி கூட்டியாந்தான்." பிறகு, "அவன் காலத் தொட்டான் பாஞ்சாலை. கை நடுங்குச்சி. எனக்கு அது ஒண்ணுதான் கெடச்சுது. நீ எடுத்துட்டா அதுவும் இல்ல," என்றான்.

"வேணாங்கிறியா?"

"அப்டி சொல்லல. கோவிந்தன் எனக்கு கஞ்சி ஊட்டி வுட்டான். மங்கம்மா வவுத்துல கீது." இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னான். "குடுத்த கை உன்னுது. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

அவளுக்கு அவன் மேலும் கோபம் வந்தது. எல்லாரும் அவள் கையை அவளிடமே விட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்கிறார்கள். கொடு என்று சொல்லும்போது மட்டும் எல்லாரும் சேர்ந்து சொன்னார்கள். வீட்டுக்குத் திரும்பும்போது அவன் கையைக் கொஞ்சம் அழுத்திப் பிடித்தாள். அவன் வலிக்கிறது என்று சொல்லவில்லை.

திருப்பத்தூர் கோர்ட்டில் அன்று கூட்டம் அதிகம் இல்லை. முன்வரிசையில் டாக்டர் சுப்பிரமணி, பின்னால் மண்டிக்காரர் முனிசாமி. ஜட்ஜுக்கு மூக்குக் கண்ணாடி. கேட்பதைத் தாழ்ந்த குரலில் கேட்டார். நாட்டார் கோபால்சாமி வெள்ளைத் தலைப்பாகையோடு கூண்டில் ஏறினார். பாஞ்சாலையைப் பார்த்தார். சாப்பிட்டாயா என்று கேட்பதுபோல ஒரு பார்வை. சின்ன வயசிலிருந்து அவளுக்குத் தெரிந்த பார்வை.

அரசாங்க வக்கீல் எழுந்தார். "லட்சுமணன் குடும்பத்துக்கு டாக்டர் மேல இப்ப ஏதாவது குறை இருக்கா?"

"இல்லீங்க. தீந்துபோச்சிங்க."

"உங்க பஞ்சாயத்துல எல்லார் முன்னாலயும் தீர்ந்தது?"

"ஆமாங்க. தண்ணி குடுத்தாங்க."

அரசாங்க வக்கீல் திருப்தியோடு உட்கார்ந்தார். தங்கவேல் எழுந்தார்.

"நாட்டாரே, உங்க வழக்கத்துல தண்ணி யாருக்குக் குடுப்பீங்க?"

"தப்ப ஒத்துக்கினவனுக்கு."

"ஒத்துக்காதவனுக்குக் குடுப்பீங்களா?"

"எப்டிங்க குடுக்கறது?"

"டாக்டருக்குக் குடுத்தீங்க. அப்போ எந்தத் தப்ப ஒத்துக்கினாரு?"

நாட்டார் வாய் திறக்கவில்லை.

அரசாங்க வக்கீல் எழுந்து ஏதோ ஆட்சேபித்தார். ஜட்ஜ் கையைக் காட்டி உட்கார வைத்தார். "பெரியவரே, கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க."

நாட்டார் கூண்டின் கட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றார். மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. வெளியே யாரோ ஒருவன் இளநீர் விற்றுக் கூவினான், கூவி முடித்தான், மறுபடி கூவினான். நாட்டாரின் கழுத்தில் வேர்வை இறங்கியது. டாக்டர் தன் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சொல்லலைன்னா, ஒத்துக்கவே இல்லைன்னு எழுதிக்கலாமா?" என்றார் ஜட்ஜ்.

"அப்டி எழுதாதீங்க சாமி."

"அப்ப என்ன ஒத்துக்கிட்டார்?"

"அத்த சொல்லக் கூடாதுங்க."

முனிசாமி பக்கத்தில் இருந்தவரிடம் எதையோ சொல்லிச் சிரித்தது பாஞ்சாலை காதில் விழுந்தது. மெல்லிய சிரிப்புதான். புளி எடை போடும்போது சிரிக்கும் அதே சிரிப்பு. தன் பெரியப்பா, பொய் சொல்லத் தெரியாத, உண்மையைச் சொல்ல முடியாத அந்த மனிதர், இத்தனை பேர் முன்னால் திருடன்போல நிற்பதை அவள் பார்த்தாள். அவரை அங்கே கொண்டுவந்து நிறுத்தியவர்களுக்கு இது தெரியும். அவர் சொல்ல மாட்டார் என்று நம்பித்தான் கூட்டி வந்திருக்கிறார்கள்.

அவள் எழுந்தாள். கோர்ட்டுச் சேவகன் டவாலி, "உக்காரும்மா, உக்காரு" என்று அதட்டினான்.

"பெரியப்பா."

நாட்டார் திரும்பிப் பார்த்தார். பார்த்தவுடனே அவருக்குத் தெரிந்துவிட்டது. "வேணாம்மா," என்றார். "பாஞ்சாலை, வேணாம். அம்மாடி, பொண்ணு மாசமா கீறா."

"நான் குடுத்த தண்ணிய நான் எடுத்துக்கறேன்."

அந்தக் குரல் அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. சாமை புடைக்கும்போது பேசும் குரல்போலத்தான், சாதாரணமாக வந்தது.

ஜட்ஜ் கண்ணாடியைக் கழற்றினார். "என்ன சொல்றாங்க?"

நாட்டார் கூண்டின் கட்டையிலிருந்து கையை எடுத்தார். தலைப்பாகையை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அவ வூடு இனிமே எங்க நாட்ல இல்லீங்கன்னு அர்த்தம்," என்றார். "சொல்லாத கெடந்தத நான் இனிமே சொல்லலாம்னு அர்த்தம்."

"சொல்லுங்க."

சொன்னார். டாக்டர் சொன்ன வார்த்தைகளை வரிசை மாறாமல், அதே மாதிரி சொன்னார். வண்டி கேட்கணும். போலீஸ் கேட்கணும். கைதிக்குத்தானேன்னு விட்டுட்டேன். கண்ணைத் திறந்து பார்க்கல. எந்தத் தழையும் விடல, நாங்கதான் எழுதினோம். ஒவ்வொன்றையும் சொல்லும்போது அவர் குரல் ஏறியது. கடைசியில் அவர் டாக்டரைப் பார்த்துக் கையை நீட்டிக் கத்தினார். "எங்க மண்ணுல வுழுந்து சொன்னியேடா! எம் பொண்ணு கைத் தண்ணிய குடிச்சியேடா! குடிச்சிட்டு வந்து மறுபடியும் தழைன்னியாடா?"

"ஒருமையில் பேசக் கூடாது," என்றார் ஜட்ஜ்.

"மன்னிச்சுக்குங்க," என்றார் நாட்டார். டாக்டரிடம் அல்ல, ஜட்ஜிடம்.

டாக்டர் எழுந்திருக்கவில்லை. அரசாங்க வக்கீல் குனிந்து ஏதோ கேட்டார். டாக்டர் தலையை ஆட்டினார். ஆமாம் என்றா இல்லை என்றா என்பது பாஞ்சாலைக்குத் தெரியவில்லை. எழுதுபவர் எழுதிக்கொண்டே இருந்தார்.

வெளியே வந்ததும் தங்கவேல் அவர்களிடம் வந்தார். ஜட்ஜ் எல்லாவற்றையும் எழுதி அனுப்புவார், ஐகோர்ட்டு என்ன சொல்லும் என்று இப்போது சொல்ல முடியாது, மாதக் கணக்கில் ஆகலாம் என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. பாஞ்சாலைக்கு அதைப் பார்க்கப் பொறுமை இல்லை. "பஸ்ஸுக்கு நேரமாச்சிங்க," என்றாள்.

நாட்டார் புளிய மரத்தடியில் தனியாக நின்றார். அவர் பக்கமாகத்தான் போக வேண்டும். பாஞ்சாலை லட்சுமணன் கையைப் பிடித்துக்கொண்டு போனாள். அருகில் வந்ததும் அவர் மெதுவாக முகத்தைத் திருப்பிக்கொண்டார். வெறுப்பில் அல்ல. அதைத்தான் அவர் செய்ய வேண்டும். வழக்கம் அது. ஆனால் அவர் தோள் குலுங்கியது அவளுக்குத் தெரிந்தது. "வர்றேன் பெரியப்பா" என்று சொல்ல வாயெடுத்து, அடக்கிக்கொண்டாள்.

மலை பஸ்ஸில் கூட்டம். பாதிப்பேர் நாட்டு ஆட்கள். செய்தி அவர்களுக்கு முன்பே வந்துவிட்டிருந்தது. அவள் ஏறியதும் ஒரு பெண் மடியில் வைத்திருந்த கூடையை எடுத்துக்கொண்டு பின்னால் போனாள். ஒரு சீட்டு முழுசாகக் காலியானது. கோர்ட்டுக்கு வந்திருந்த மாதையனும் அந்தப் பக்கம் பார்க்காமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். நாட்டார் கடைசியாக ஏறி டிரைவருக்குப் பக்கத்தில் நின்றார். உட்கார இடம் இருந்தும் உட்காரவில்லை.

பஸ் கிளம்பியது. ஊர் தாண்டி முதல் வளைவு வந்தபோது லட்சுமணன் கேட்டான்:

"யார் யார் கீறாங்க?"

"எல்லாரும் கீறாங்க."

"பெரியப்பா?"

"முன்னால நிக்கறாரு."

"மாதையன்?"

"கீறான்."

அவன் முகத்தை பஸ்ஸின் முன்பக்கம் திருப்பினான். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, பஸ்ஸின் இரைச்சலுக்கு மேலே, ஊர் முழுக்கக் கேட்கும்படியான குரலில் ஆரம்பித்தான்.

"கோடாலி போட்டேன். சிராய் தெறிச்சு வலது கண்ணுல பூந்துச்சு. அன்னிக்கி வாரத்துக்கு ஒரு தபா வர்ற நாளு. டாக்டரு வந்தாரு. கண்ணத் தொறந்து பாக்கல."

யாரும் திரும்பவில்லை. கண்டக்டர் மட்டும் டிக்கெட் கிழிப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தான்.

"ராத்திரி பகல்னு இல்ல, நெருப்பு வச்ச மாதிரி இருந்துச்சு. கோவிந்தன்னு ஒருத்தன், மலைக்குக் கீழ நாட்டுக்காரன், எனக்கு மாமனும் இல்ல மச்சானும் இல்ல, அவன் எனக்காக கத்துனான். அவனப் போட்டு அடிச்சாங்க. அடி வாங்கிக்கினே கத்துனான்…"

பஸ் வளைந்து வளைந்து ஏறியது. அவன் நிறுத்தவில்லை. நாட்டில் இனி யாரும் அவனோடு பேசப் போவதில்லை. ஆனால் அவன் பேசுவதை யாராலும் தடுக்க முடியாது. சீழ் வடிந்ததைச் சொன்னான். இடது கண் மங்கிய காலையில் தட்டில் இருந்த களி தெரியாமல் போனதைச் சொன்னான். பட்டணத்து டாக்டரம்மா சொன்னதைச் சொன்னான். கோவிந்தன் பெயரை மறுபடி மறுபடி சொன்னான். பாஞ்சாலை அவன் பக்கத்தில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். அவன் ஏதாவது ஒன்றை விட்டுவிட்டால் மட்டும், "தண்ணி கேட்டா அடிச்சாங்களே, அத்த சொல்லு," என்றாள். அவன் அதையும் சொன்னான்.